வயிற்றில் இல்லாத கருவி காட்டிய புளிப்பு

அனுப்புநர்:
தெராஷிமா மிச்சியே (வயது 63),
க/பெ. தெராஷிமா கோசோ,
பால் பண்ணை, கீழ் ஹொரோனுகா,
கிழக்கு ஹொக்கைடோ.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வட்டாரக் கால்நடைச் சுகாதார நிலையம்.
(தலைவர் தம் கையாலேயே பிரிக்க வேண்டுகிறேன்.)

பொருள்: கறவை மாடுகளின் பெருவயிற்றுப் புளிப்பை அளக்கவென்று தீவன நிறுவனம் விழுங்கவைத்த கருவிகள் காட்டும் எண்கள் உண்மையா என்று சோதிக்கவும், எங்கள் வசமுள்ள ஒரு கருவியை அது நிறுவனத்தார் கைக்குப் போகுமுன் தங்கள் பொறுப்பில் பெற்றுக்கொள்ளவும் வேண்டி.

பார்வை: தங்கள் அலுவலக முன்மேசையில் சென்ற வாரம் நான் வாய்மொழியாகச் சொன்னதும், எழுதித் தரும்படி எனக்குச் சொல்லப்பட்டதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வாய்மொழிப் புகார் பதிவாகாது என்று தங்கள் முன்மேசையில் இருந்தவர் சொன்னதால் இதை எழுதுகிறேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நான் நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவைத்ததைக் கவனித்தேன். அவருக்குப் பின்னால் சுவரில் அதே நிறுவனத்தின் நாட்காட்டி தொங்கியது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் சமையலறையிலும் அதே நாட்காட்டிதான் தொங்குகிறது. இருந்தாலும் நிறுவனத்தின் பெயரை இம்மனுவில் எழுதாமல், தனி உறையில் இட்டு, ஓரத்தில் என் முத்திரையைப் பதித்து இணைத்திருக்கிறேன். முத்திரை உடைந்த நிலையில் தங்களிடம் வந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.

1. எங்கள் தொழுவத்தில் நாற்பது சொச்சம் கறவை மாடுகள் இருக்கின்றன. எல்லாம் கட்டுத்தறியில் நிற்பவை. பால் கறப்பது என் வேலை. இயந்திரங்கள், கைபேசி, கூட்டுறவுச் சங்கத்து அலைச்சல் ஆகியவை மகன் ஷுன்யாவுடையவை. தீவனம் வைப்பது என் கணவர் கோசோ. அவருக்கு அறுபத்தேழு வயது. எங்களுக்குத் திருமணம் ஆவதற்கு முன்பிருந்தே அவர்தான் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு மாட்டின் முன்னும் நின்று, அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, அளவு மக்கால் தீவனம் அள்ளி வைப்பவர். மனிதரிடம் அதிகம் பேசமாட்டார். மாட்டிடம் பேசுவார்.

2. சென்ற வசந்தத்தில், தீவன நிறுவனத்தின் எங்கள் பகுதிப் பொறுப்பாளர் திரு. மிகாமி ஒரு புதிய ஏற்பாட்டோடு வந்தார். உள்ளங்கை நீளத்தில் ஓர் உருளை. மாட்டின் தொண்டை வழியாகத் தள்ளினால் பெருவயிற்றில் போய் உட்காரும். ஆயுளுக்கும் தானாக வெளியே வராது. வயிற்றின் புளிப்பையும் சூட்டையும் அளந்து, தொழுவத்துக் கூரையில் மாட்டிய பெட்டிக்கு அது அனுப்பும். பெட்டி நிறுவனத்துக்கு அனுப்பும். நிறுவனம் எங்கள் கைபேசிக்கு அனுப்பும். மாவுத் தீவனம் மிஞ்சினால் வயிறு புளிக்கும், புளித்தால் மாடு அசைபோடாது, குளம்பு நோகும், பாலில் கொழுப்பு இறங்கும் என்பதெல்லாம் தாங்கள் அறிந்ததே. எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல் என்பதும் தங்களுக்குத் தெரியும். எனக்கு அது மகன் சொல்லித்தான் தெரியும்.

ஆறு மாடுகளுக்கு அதை விழுங்கவைத்தார்கள். இலவசம் என்றார்கள். இலவசமாக எதற்கு என்று கேட்டேன்.

“தீவனம் நல்லதுன்னு நாங்க சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. மாட்டு வயிறே சொன்னா நம்புவீங்கல்ல, அம்மா,” என்றார் திரு. மிகாமி.

தீவனம் விற்பவரே வயிற்றையும் அளந்தால் அந்த வயிறு யார் பேச்சைப் பேசும் என்று எனக்கு அப்போதே ஒரு நெருடல். மகன் மிகவும் ஆசையாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

3. கோடை முடியும்வரை ஒரு குறையும் இல்லை. செப்டம்பர் கடைசியில் நிறுவனம் பழைய தீவனத்தை நிறுத்திவிட்டுப் புதியது ஒன்றை அனுப்பியது. சோளம் முன்பைவிடப் பொடியாக அரைக்கப்பட்டிருந்தது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் மாவாக ஒட்டியது. அக்டோபரில் சாணி மாறியது. இளகி, நுரை கட்டி, மூக்கைச் சுளிக்கவைக்கும் புளிப்பு வாடை. மாடுகள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தன. பாலில் கொழுப்பு இறங்கியதாகப் பால் ஆலையிலிருந்தும் சொன்னார்கள். நான் திரு. மிகாமியைக் கூப்பிட்டு, புதிய தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நேராகவே சொன்னேன். அவர் கைபேசியைத் திறந்து காட்டினார். ஆறு மாடுகளின் எண்களும் நலமாக இருந்தன.

“வயிறு நல்லாத்தான் இருக்கு. நீங்க தரையையும் குளம்பையும் பாருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. நவம்பரில் ஒரு நாள் நானும் மகனும் சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்த சமயம் திரு. மிகாமி வந்து, ஏணி போட்டு ஏறிக் கூரைப் பெட்டியைத் திறந்திருக்கிறார். தூசி துடைக்க வந்ததாக என் கணவரிடம் சொன்னாராம். கணவர் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதன் பிறகுதான் கைபேசியில் சிவப்பு எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. எல்லாம் காலை வேளையில் வந்தவை. ‘புளிப்பு திடீரென்று கூடியுள்ளது. அளவுக்கு மீறிய தீவனமா என்று பார்க்கவும்’ என்ற அதே வாசகம். ஒரு நாள் ஒரு மாட்டுக்கு, இன்னொரு நாள் வேறொன்றுக்கு. கொயுகி என்று நாங்கள் அழைக்கும் வெள்ளை நெற்றி மாட்டுக்குத்தான் அதிகம்.

5. டிசம்பரில் திரு. மிகாமி எங்கள் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து, என் கணவர் வெளியே பனி தள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என்னிடமும் மகனிடமும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“குத்தம் சொல்றதா நினைக்காதீங்க. ஐயா ஒரே மாட்டுக்கு ரெண்டு தடவ போடறாருன்னு தோணுது. போட்டது மறந்து போயி மறுபடியும் போடறாரு. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். எங்க தாத்தாகூட நாய்க்கு ரெண்டு தடவ சோறு வைப்பாரு. நாய் குண்டாச்சு, அவ்வளவுதான். மாட்டுக்கு அது தாங்காது.”

தீவனம் இரண்டு பங்கு போனால் சேமிப்புத் தொட்டியில் குறைந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். தொட்டியின் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. நிறுவனத்து லாரிதான் வந்து நிரப்பிவிட்டுப் போகும். எனவே என் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. அவர்கள் சொல்லவில்லை.

6. மகன் நம்பிவிட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். கையில் எண் இருக்கும்போது யார்தான் நம்பமாட்டார்கள். என் கணவருக்கு அதை யார் சொல்வது என்று ஒரு வாரம் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே கேட்டார்.

“என்ன, ரெண்டு பேரும் என் முதுகையே பாத்துட்டிருக்கீங்க?”

சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. வலது கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியா,” என்றார். மறுநாள் முதல் துணி காயப்போடும் கிளிப்புகளைச் சட்டைப் பையில் நிறைத்துக்கொண்டு போய், தீவனம் வைத்த ஒவ்வொரு மாட்டின் தறியிலும் ஒன்றை மாட்டினார். அப்படியும் எச்சரிக்கை வந்தது. பிறகு என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஒவ்வொரு மாட்டைத் தாண்டும்போதும் “போட்டேனா?” என்பார். “போட்டீங்க,” என்பேன். “ஒரு தடவையா?” என்பார். “ஒரு தடவதாங்க.” அன்றைக்கும் எச்சரிக்கை வந்தது. நான் பால் கறக்கப் போன பிறகு அவர் திரும்பி வந்து போட்டிருப்பார் என்றான் மகன். அவரும் இருக்கலாம் என்று தலையாட்டினார்.

7. ஜனவரியில் அவரை மறதிச் சோதனைக்காக நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே மூன்று சொற்களைச் சொல்லி, பிறகு திரும்பக் கேட்டார்கள். செர்ரிப்பூ, பூனை, ரயில். மூன்றையும் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். தட்டுத்தடுமாறிக் கழித்தார், நானாக இருந்தால் அவ்வளவு தூரம்கூடப் போயிருக்கமாட்டேன். வயதுக்கு உரியதுதான், ஏப்ரலில் மறுபடி வாருங்கள் என்று மருத்துவர் அனுப்பிவைத்தார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று எனக்கு அதற்குப் பொருள். என் கணவருக்கு அது, இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். தொழுவத்தில் தள்ளுவண்டியை உருட்டும்போது அந்த மூன்று சொற்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். மாடுகளோடு பேசுவது நின்றுபோனது.

அம்மாதக் கடைசியில் தீவன மக்கை மகன் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் எச்சரிக்கைகள் நிற்கவில்லை என்பதைத் தாங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டுகிறேன். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் யாருக்கும் தெரியாமல் போய்ப் போட்டுவிட்டு வருகிறார் என்று மகன் தீவன அறைக்குப் பூட்டு வாங்கி வந்தான். அந்தப் பூட்டைக் கதவில் பொருத்த ஸ்க்ரூ டிரைவர் தேடி எடுத்துக் கொடுத்தவர் என் கணவர்.

8. பிப்ரவரி நடுவில் கொயுகி தீவனத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. இடது பக்கம் புடைத்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் டாக்டர் நரசாகி வந்து தட்டிப் பார்த்து, மருந்தால் ஆகாது, வயிற்றைத் திறந்து காலிசெய்ய வேண்டும் என்றார். நின்ற நிலையிலேயே மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவுக்குப் பின்னால் கீறித் திறந்தார். தலையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்கு என் கணவர் வந்தார். அவர் பிடித்தால்தான் கொயுகி நிற்கும்.

டாக்டரம்மா தோள்வரை கையை உள்ளே விட்டு அள்ளி அள்ளி வாளியில் போட்டார். அந்தக் குளிரில் வாளியிலிருந்து ஆவி எழுந்தது. கெட்டுப்போன தவிட்டு ஊறுகாய்த் தாழியைத் திறந்தது போன்ற வாடை. அவர் தம் சொந்தக் கருவியைத் தோய்த்துப் பார்த்தார். ஐந்துக்குச் சற்று மேல். கடும் புளிப்பு. அதே நிமிடத்தில் மகன் கைபேசியைப் பார்த்தான். கொயுகியின் எண் ஆறுக்கு மேல் காட்டியது. பக்கத்தில் பச்சை வட்டம், ‘நலம்’ என்று.

அள்ளியதில் நிறுவனத்தின் உருளையும் வந்தது. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளக்கும் முனை முழுவதும் கல் போல ஏதோ படிந்து அடைத்திருந்தது.

“இதோட மூக்கு அடைச்சுக் கெடக்கு. எத்தன மாசமா இது எதையும் மோந்து பாக்கலையோ,” என்றார். அதைத் திரும்ப உள்ளே போடமாட்டேன் என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கழுவவில்லை. காலியாக இருந்த ஊறுகாய் ஜாடியில் போட்டுச் சமையலறை ஜன்னலோரம் வைத்தேன்.

9. நான் தங்களுக்கு எழுதுவதற்குக் காரணமான நாள் அதற்குச் சில நாட்கள் கழித்து வந்தது. கொயுகிக்கு டாக்டரம்மா காய்ந்த புல்லைத் தவிர வேறெதுவும் தரக் கூடாது என்றிருந்தார். ஒரு பிடி மாவுத் தீவனம்கூட அதன் வாய்க்குப் போகவில்லை. அதற்குப் புல் வைத்தவள் நானே. என் கணவர் அன்று காலை முழுவதும் வீட்டுக்குள் இருந்தார். அரிசி கழுவினார், அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். மூவரும் காலை உணவுக்கு உட்கார்ந்தோம். மகனின் கைபேசி கூவியது. எடுத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினான்.

“அப்பா, கொயுகிக்கு மறுபடியும் போட்டீங்களா? வயித்துல தையலோட நிக்குதுப்பா அது.”

என் கணவர் உண்ணும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் நேராக வைத்தார்.

“போட்டிருப்பேன் போல,” என்றார். “மன்னிச்சுக்கோ.”

ஐயா, செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒருவர் தம் சோற்றின் முன் உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறார். கொயுகியின் வயிற்றில் இருப்பதாகச் சொல்லப்படும் கருவியோ அவர் தலைக்குப் பின்னால் ஜன்னலோரத்தில், ஊறுகாய் ஜாடியில் கிடக்கிறது. நான் மகன் கையிலிருந்து கைபேசியை வாங்கினேன். கொயுகியின் வயிறு திடீரென்று புளித்துவிட்டது என்றும், வயிற்றின் சூடு முப்பத்தொன்பது டிகிரி என்றும் காட்டியது. ஜாடி இருந்த ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. ஜாடியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தேன். மகன் ஜாடியையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பாயிலிருந்து எழுந்து, பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, நெற்றி தரையில் படும்படி தன் அப்பாவை வணங்கினான். வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

என் கணவர் அவனைப் பார்க்கவில்லை. ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ இன்னைக்கு நான் போடல.”

“நீங்க போடலங்க. வீட்டவிட்டே நீங்க போகல.”

“சரி,” என்றார். “மத்த நாளெல்லாம்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

10. அன்றே திரு. மிகாமியைத் தொலைபேசியில் அழைத்தேன். மகன் பக்கத்தில் இருந்து கேட்டான். உரையாடல் வருமாறு:

“சிக்னல் வராத நேரத்துக்குச் செயலி தானா ஊகிச்சு நிரப்பிக்கும், அம்மா. கோடு அறுந்து தெரியக் கூடாதுல்ல. எல்லாப் பண்ணைலயும் இப்படித்தான்.”

“எத வச்சு ஊகிக்கும்?”

“பழைய நாள வச்சு. மத்த பண்ணைங்கள வச்சு. பொதுவா மாடு எப்படி இருக்குமோ, அத வச்சு.”

“அப்போ எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவ போட்டாருன்னு காட்டினது எந்தப் பண்ணை மாடு, தம்பி?”

பதிலுக்கு அவர், அந்த உருளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். எந்த நாள் அளந்தது, எந்த நாள் ஊகித்தது என்று பிரித்துக் காட்ட முடியுமா என்று நான் கேட்டேன். செயலியில் அந்த வசதி இல்லை என்றார். நிறுவனத்தின் கணினியில் இருக்குமா என்றேன். அதைத் தலைமை அலுவலகம்தான் சொல்ல வேண்டும் என்றார். மறுபடியும் உருளை எங்கே என்று கேட்டார்.

11. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அக்டோபரில் மாடுகள் காலை மாற்றி நின்றபோது இவரை வரவழைக்க எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தேன். கையில் நகரத்துக் கேக் பெட்டி ஒன்று. பையில் புதிய உருளை ஒன்று. பழையதைக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம் என்றார். பேசிக்கொண்டே அவர் கண் அலமாரியைச் சுற்றி வந்தது. ஜாடியை நான் முன்னதாகவே அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டிருந்தேன்.

“அது கம்பெனி சொத்து, அம்மா. நீங்க வச்சுக்க முடியாது.”

“மாடு எங்க சொத்துதான? அது வயித்துல இருந்துதான வந்துச்சு,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புறப்படும்போது வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அது நலம் விசாரித்ததா, வேவு பார்த்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வெகுநாள் பழகிய மனிதரின் நலவிசாரிப்பைக்கூட நம்ப முடியாதவளாக நான் ஆகிவிட்டேன் என்பதையும் இப்புகாரில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். கேக் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

பின்னர் தலைமை அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. கருவியை உடனே திருப்பித் தரும்படி அதில் இருக்கிறது. எண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஜாடி இப்போது அரிசி டின்னில் இல்லை. எங்கே இருக்கிறது என்பதை இந்த மனுவில் எழுதப்போவதில்லை.

12. டாக்டர் நரசாகியிடம், கருவி விழுங்கிய மற்ற ஐந்து மாடுகளையும் நேரடியாகச் சோதிக்கக் கேட்டுக்கொண்டேன். மகன் தராசில் நிறுத்துத் தீவனம் வைத்த ஒரு நாளில், மாடுகள் தின்று சில மணி நேரம் கழித்து, விலாவின் கீழ்ப்பக்கமாக நீள ஊசி செலுத்திப் பெருவயிற்று நீரை எடுத்தார். மூன்று மாடுகளில் கடும் புளிப்பு. அம்மூன்றுக்கும் கைபேசியில் பச்சை வட்டம்தான் இருந்தது. அதாவது அளவாகத் தின்றே எங்கள் மாடுகள் புளித்துக்கொண்டிருக்கின்றன. அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

“ஒரு நாள் எடுத்தத வச்சுத் தீவனம்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் போன்ல வர்ற நம்பர வச்சு ஒரு மனுஷனுக்கு மறதின்னு சொல்லியிருக்கவும் மாட்டேன்.”

இதை எழுதித் தரக் கேட்டபோது, மேலிடத்தில் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றார். இன்னும் தரவில்லை. அவருடைய மருத்துவமனையும் நிறுவனத்தின் கிளை அலுவலகமும் ஒரே கட்டடத்தில், ஒரே வாசலில் இருக்கின்றன. டாக்டரம்மா நேர்மையானவர். அந்த வாசலைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

13. என் ஐயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தீவனத்தைக் குறை சொன்ன பிறகே எச்சரிக்கைகள் தொடங்கியது ஏன்? கூரைப் பெட்டியை நாங்கள் இல்லாதபோது திறந்தது ஏன்? உண்மையில் வயிறு புளித்த வேளையில் நலம் என்றும், மாடு புல் மட்டும் தின்ற வேளையில் மிதமிஞ்சிய தீவனம் என்றும் கைபேசி சொன்னது ஏன்? ஊகித்து நிரப்பப்பட்டது என்பதை எச்சரிக்கையின் கீழ் ஒரு வரியில் எழுதாதது ஏன்? இவை எல்லாம் தற்செயலாகவும், இயந்திரத்தின் அறியாமையாகவும் இருக்கலாம். அப்படி என்றால் தற்செயல் என்று ஒரு பொறுப்பானவர் கையொப்பமிட்டுச் சொல்லட்டும். எங்கள் வட்டாரத்தில் வேறு பல பண்ணைகளிலும் இக்கருவி மாடுகளின் வயிற்றில் இருக்கிறது. அந்த வீடுகளில் தீவனம் வைப்பவர்கள் யார், அவர்களிடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் விசாரித்தால் நல்லது.

14. இப்போதைய நிலை: கொயுகியின் தையல் பிரித்தாகிவிட்டது. அசைபோடுகிறது. பழைய தீவனத்தை வேறிடத்தில் தேடிப் பிடித்து வாங்குகிறோம். மகன் தீவன அறைப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மக்கை அப்பாவின் பூட்ஸ் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. தையல் பிரித்த அன்று பார்க்க வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். என் கணவர் தொழுவத்துக் கதவுவரை வந்தார். நிலையில் கை வைத்து நின்றுகொண்டு, கொயுகியைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

“உள்ள வாங்க,” என்றேன்.

“வேண்டாம் மிச்சியே. நான் உள்ள வந்தா அப்புறம் அது எதையாவது காட்டும்.”

கூரைப் பெட்டியின் மின்இணைப்பை நாங்கள் எப்போதோ பிடுங்கிவிட்டோம். அதையும் சொன்னேன். இருந்தாலும் அவர் உள்ளே வரவில்லை.

15. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

(அ) எங்கள் வசமுள்ள உருளையைத் தாங்களோ, தங்கள் நேரடிப் பொறுப்பில் உள்ள ஒருவரோ வந்து, ரசீது கொடுத்துப் பெற்றுக்கொண்டு, நிறுவனத்தைச் சாராத ஆய்வகம் ஒன்றில் சோதிக்க வேண்டும். தபாலில் அனுப்பமாட்டேன்.

(ஆ) எங்கள் ஆறு மாடுகளுக்கும் எந்தெந்த நாட்களில் புளிப்பு உண்மையில் அளக்கப்பட்டது, எந்தெந்த நாட்களில் ஊகித்து நிரப்பப்பட்டது என்பதை நிறுவனத்தின் கணினியிலிருந்து பிரித்துத் தரும்படி ஆணையிட வேண்டும். இதை நாங்கள் கேட்டால் கிடைக்காது.

(இ) எங்களுக்கும் நிறுவனத்துக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், தங்களுக்கு வசதியான ஏதோ ஒரு காலையில் வந்து, மாடுகளின் பெருவயிற்று நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். வரும்போது நிறுவனத்தின் வாகனத்தில் வர வேண்டாம்.

நஷ்டஈடு கேட்கவில்லை. யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கேட்கவில்லை. மேலே (ஆ)வில் கேட்டிருப்பது கிடைத்தால், என் கணவர் கேட்ட கேள்விக்கு வீட்டில் யாராவது பதில் சொல்ல முடியும். ஏப்ரல் மருத்துவச் சோதனைக்கு முன் கிடைத்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

முடிவாக ஒன்று. இம்மனு எழுதப்படுவது என் கணவருக்குத் தெரியாது. இருப்பினும் தங்கள் பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். தெராஷிமா கோசோ என்று அவர் பெயரை உறைமேல் தெளிவாக எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தபால்காரரிடம் கடிதங்களை வாங்கிப் பிரிப்பது எங்கள் வீட்டில் அவருடைய வேலை. அதை மட்டும் அவர் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

இடம்: கீழ் ஹொரோனுகா
நாள்: ரெய்வா ஏழாம் ஆண்டு (2025), மார்ச் 19

தங்கள் நேரடிப் பார்வையை எதிர்நோக்கும்,
தெராஷிமா மிச்சியே
(ஒப்பமும் முத்திரையும்)

இணைப்பு: நிறுவனத்தின் பெயரும் முகவரியும் (முத்திரையிட்ட உறை), தலைமை அலுவலகம் அனுப்பிய பதிவுத் தபாலின் நகல். மூலம் என்னிடமே உள்ளது.